ஊடகங்களில் உடற்பருமன் குறித்த தப்பெண்ணம்

உடல் எடை மிகுந்தவர்களைச் சோம்பேறிகள், பெருந்தீனிக்காரர்கள், மனக்கட்டுப்பாடு இல்லாதவர்கள் என்று முன்கூட்டியே முடிவு செய்து அணுகுவது எடைசார் தப்பெண்ணம் ஆகும். திரைப்படம், செய்தி, தொலைக்காட்சி மூன்றும் இதை வெவ்வேறு வழிகளில் பரப்புகின்றன. கேலியாக வந்தால் நகைச்சுவை என்றும், கண்டிப்பாக வந்தால் மக்கள் நலம் என்றும் இதற்கு நியாயம் சொல்லப்படுகிறது. இவ்விரண்டு நியாயங்களும் ஆராயப்பட வேண்டியவை.

திரைப்படம்

அமெரிக்க மௌனப்பட நடிகர் ரோஸ்கோ ஆர்பக்கிள் (1887–1933), குண்டன் எனப் பொருள்படும் 'ஃபேட்டி' என்ற பெயரால் புகழ்பெற்றார். அப்பெயரை அவர் விரும்பவில்லை. இந்தித் திரையில் பாடகியாக நுழைந்த உமாதேவி, 1947இல் வெளிவந்த 'தர்த்' படப் பாடலால் அறியப்பட்டவர். பின்னர் நகைச்சுவை நடிகையாகி 'டுன் டுன்' ஆனார். நாளடைவில் அப்பெயரே பருமனான பெண்களைக் கேலி செய்யும் சொல்லாக வட இந்தியாவில் வழங்கலாயிற்று. தமிழிலும் குண்டு கல்யாணம் போன்றோரின் பெயருக்கு முன்னால் உடலே அடைமொழியாக நிற்கிறது.

ஓமக்குச்சி நரசிம்மனின் மெலிந்த உடலும் சிரிப்புக்குப் பயன்பட்டதே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் மெலிந்தவரைப் பார்த்து, இது உன் ஒழுக்கக் குறைவால் வந்தது என்று பொதுவாக யாரும் சொல்வதில்லை. பருமனானவர் கேலியோடு அந்தக் குற்றச்சாட்டையும் சேர்த்தே சுமக்கிறார்.

பருமனானவர்கள் திரையில் தோன்றும் அளவும் குறைவு. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களின் 1,018 முக்கியப் பாத்திரங்களை ஆராய்ந்து 2003இல் வெளியான ஆய்வில், பெண் பாத்திரங்களில் 14 விழுக்காட்டினரும் ஆண் பாத்திரங்களில் 24 விழுக்காட்டினருமே எடை மிகுந்தவர்களாக இருந்தனர். இது உண்மை மக்கள்தொகையில் இருந்த விகிதத்தில் பாதிக்கும் குறைவு.

2015இல் வந்த 'இஞ்சி இடுப்பழகி' இதற்கு மாறான ஒரு முயற்சி. எடைக்குறைப்பு வணிகத்தின் ஏமாற்றைக் கதையாக்கிய இப்படத்துக்காக நடிகை அனுஷ்கா தம் எடையைக் கூட்டிக்கொண்டார். எனினும் நாயகியின் எடையும் திருமணமுமே கதையின் தொடக்கச் சிக்கலாயின. எடையைப் பற்றிய பேச்சே இல்லாத ஒரு கதையில் பருமனான பெண் நாயகியாக வருவது இன்றும் அரிது.

செய்தி

உடற்பருமன் பற்றிய செய்தி என்றால் கழுத்துக்குக் கீழே மட்டும் தெரியும் ஒரு வயிற்றின் படம் வருவது வழக்கமாகிவிட்டது. இத்தகைய 'தலையற்ற' படங்களைப் பிரித்தானிய எழுத்தாளர் சார்லட் கூப்பர் 2007இல் கண்டித்து எழுதினார். அமெரிக்கச் செய்தித் தளங்களைப் பற்றி 2011இல் வெளியான ஆய்வொன்று, எடை மிகுந்தவர்களைக் காட்டிய படங்களில் 72 விழுக்காடு அவர்களை இழிவுபடுத்தும் வகையில் இருந்ததாகக் கண்டது.

படத்தில் இருப்பவரின் அடையாளத்தைக் காக்கவே முகம் நீக்கப்படுகிறது என்று சொல்லப்படுவதுண்டு. அவரிடம் இசைவு பெற்று, வேலை செய்பவராகவோ குடும்பத்தோடு இருப்பவராகவோ காட்டியிருந்தால் முகத்தை மறைக்க வேண்டிய தேவையே இருந்திருக்காது.

தொலைக்காட்சிப் போட்டி

அமெரிக்காவில் 2004இல் தொடங்கிய 'தி பிக்கஸ்ட் லூசர்' நிகழ்ச்சியில், கடும் உடற்பயிற்சியாலும் உணவுக் குறைப்பாலும் அதிக எடை இழப்பவர் பரிசு பெறுவார். மன உறுதி இருந்தால் எவரும் மெலியலாம் என்பதே அது தந்த செய்தி. பங்கேற்றவர்களில் 14 பேரை ஆறு ஆண்டுகளுக்குப் பின் பரிசோதித்த ஆய்வு 2016இல் வெளியானது. சராசரியாக அவர்கள் இழந்த 58 கிலோவில் 41 கிலோ திரும்பியிருந்தது. அவர்களின் உடல், ஓய்வு நிலையில், எதிர்பார்க்கப்பட்டதைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே செலவிட்டது. உடலே எடைக்குறைப்பை எதிர்த்து நின்றதை மன உறுதியின் குறை என்று எப்படிச் சொல்வது?

நலம் என்னும் நியாயம்

உடற்பருமன் நீரிழிவு, இதயநோய் போன்றவற்றின் ஆபத்தைக் கூட்டுகிறது. இதைச் சொல்வது தப்பெண்ணம் அன்று. ஆனால் எடைக்கு மரபணு, மருந்துகள், தூக்கம், வருமானம், கிடைக்கும் உணவு எனப் பல காரணங்கள் உள்ளன. அவற்றை விட்டுவிட்டு ஆளைப் பழிப்பது நலத்துக்கு உதவுவதில்லை. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களைத் தொடர்ந்து கவனித்த 2013ஆம் ஆண்டு ஆய்வில், தொடக்கத்தில் உடற்பருமன் இல்லாதவர்களுள் எடை காரணமாகப் பாகுபாட்டுக்கு உள்ளானவர்கள், மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு அதிகமாக உடற்பருமன் அடைந்தனர். இகழ்ச்சிக்கு அஞ்சி மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போடுவோரும் உள்ளனர்.

பல நாட்டு மருத்துவ அமைப்புகள் இணைந்து 2020இல் வெளியிட்ட அறிக்கை, எடைசார் இழிவுபடுத்தலைக் கைவிடுமாறு ஊடகங்களையும் கேட்டுக்கொண்டது. பருமனானவரின் முகத்தைக் காட்டுவது, அவரைப் பெயரால் அழைப்பது, எடையைத் தவிர வேறு கதையும் அவருக்கு உண்டு என்று ஒப்புக்கொள்வது ஆகியவை அதற்கான எளிய தொடக்கங்கள். இவற்றால் எந்த நகைச்சுவையும் எந்த நலச் செய்தியும் குறைந்துவிடாது.