சிஷோம்: நடுவில் இருந்தது

இரண்டாவது சனிக்கிழமை, பாங்க் விடுமுறை. ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்த ராபர்ட் ஃபெல்லோஸ் சிஷோம் பற்றிய சிறு கண்காட்சிக்குப் போனேன். முப்பது நாற்பது புகைப்படங்கள். கீழே தட்டச்சுக் குறிப்புகள். வந்திருந்த நாலைந்து பேரில் யாரும் சிஷோமைத் தேடி வந்ததாகத் தெரியவில்லை. மெரினாவில் தினமும் பார்க்கிற கட்டடங்களைச் சட்டத்துக்குள் பார்க்க வந்தவர்கள். கட்டடம் தெரியும், கட்டியவர் பெயர் தெரியாது என்பது நம் ஊர் வழக்கம்தான். பெயரை மீட்டுத் தந்ததற்காக நடத்தியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். பெயரை மீட்டால் போதுமா என்பதுதான் என் கேள்வி.

படங்களை 'கல்வி', 'நிர்வாகம்', 'கலை' என்று பிரித்து மாட்டியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே லேபிள்: இந்தோ-சாரசெனிக். மாநிலக் கல்லூரியும் செனட் ஹவுஸும் கல்வியில்; சேப்பாக்கம் மாளிகை எதிர்ச் சுவரில், நிர்வாகத்தில். இங்கேதான் கண்காட்சி தோற்கிறது.

கடற்கரைச் சாலையில் இவை நிற்கிற வரிசை வேறு. தெற்கே கல்லூரி, வடக்கே செனட் ஹவுஸ், நடுவில் மாளிகை. 1864ல் நடந்த போட்டியில் சிஷோமின் வரைபடம் தேர்வாகி, 1870ல் கல்லூரி திறக்கப்பட்டது. இத்தாலியப் பாணியைக் கையோடு கொண்டுவந்த இளைஞரின் கட்டடம் அது. (மேலே இன்று தெரிகிற கடிகாரக் கும்மட்டம் 1940ல் சேர்ந்தது, குறிப்பில் இது இல்லை.) பிறகு மாளிகையில் வேலை. அதன் இரு பகுதிகளுக்கும் நடுவே ஒரு கோபுரம் எழுப்புகிறார். பழையதோடு புதியது ஒட்ட வேண்டுமானால் பழைய சுவரைப் படித்தாக வேண்டும். படித்ததன் விளைவை 1874க்கும் 1879க்கும் இடையில் கட்டிய செனட் ஹவுஸில் பார்க்கலாம். நாலு மூலையிலும் கும்மட்டம் வைத்த கோபுரங்கள். கல்லூரியைக் கட்டியவர்தானா இவர் என்று கேட்கத் தோன்றும். ஒருவர் தன் கையெழுத்தை மாற்றிக்கொண்டதை நடந்தே பார்த்துவிடலாம்.

இந்தக் கதையை இத்தோடு விட்டால் அதுவும் பொய்யாகிவிடும். மாளிகை ஆற்காட்டு நவாபுடையது. 1855ல் நவாப் வாரிசின்றி இறந்ததும் கம்பெனி அந்தப் பட்டத்தையே ஒழித்தது. பிறகு மாளிகை சர்க்கார் கைக்குப் போயிற்று. உடைமையை இழந்தவரின் உருவத்தை, எடுத்துக்கொண்டவர் தன் கட்டடத்துக்குச் சூட்டிக்கொள்கிறார். உருவம், உருவம் என்று ஜபிக்கிற நண்பர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஏகாதிபத்தியம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிற நண்பர்களுக்கும் ஒரு கேள்வி. திருவனந்தபுரம் நேப்பியர் மியூஸியத்தில் (1880) அதே மனிதர் கும்மட்டத்தை விட்டுவிட்டுக் கேரளத்து மரக்கூரையின் சரிவையும் முக்கோண முகப்பையும் எடுத்துக்கொண்டது ஏன்? கைக்குப் பழகிப்போன சென்னைப் பாணியையே அங்கேயும் கட்டியிருக்கலாம். ஊர் மாறியபோது மறுபடி படித்திருக்கிறார். கட்டச் சொன்னது அதிகாரம். இந்தக் கவனத்தை அதிகாரம் கேட்கவில்லை. இரண்டையும் ஒரே சமயத்தில் மனசில் வைத்துக்கொள்வது சிரமமான காரியம். ஆனால் விமர்சனத்துக்கு வேறு வேலை என்ன இருக்கிறது? கண்காட்சியில் அரசியலும் இல்லை, உருவமும் இல்லை. பிறந்த வருஷம், இறந்த வருஷம், கட்டியவற்றின் பட்டியல் இருந்தன.

கண்காட்சிக்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம் பத்திரிகைகளிலும் எழுத்தாளர்களை இப்படித்தான் மாட்டி வைக்கிறோம். யதார்த்தவாதி, படிமக் கவிஞர், இன்ன வட்டம். ஒருவர் எந்த இடத்தில், எதைப் படித்து, எதை விட்டுக்கொடுத்து மாறினார் என்று கேட்பதில்லை. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கவிஞரைப் பற்றி நான் எழுதிய கட்டுரையை இதைப் படிக்கிறவர்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். அவருடைய முதல் தொகுதியையும் மூன்றாவது தொகுதியையும் ஒரே லேபிளின் கீழ் வைத்துத் தீர்ப்புச் சொல்லியிருந்தேன்.

இரண்டாவது தொகுதியை நான் படித்திருக்கவில்லை. இப்போதுதான் தேடிக்கொண்டிருக்கிறேன்.