பத்தாம் மாதத்தில்தான் அம்மா வருகிறாள்

திருவாசகத்தின் போற்றித் திருவகவல் பற்றி அவ்வப்போது ஒரு ஃபார்வர்டு வரும். கருவியலை மாணிக்கவாசகர் அன்றே சொல்லிவிட்டாராம். கருவுக்கு மாதாமாதம் வரும் ஆபத்துகளை அவர் அடுக்கியிருப்பது உண்மைதான். முதல் மாதத்தில் இரண்டாகப் பிளவுபடாமல் தப்பியது, நான்காம் மாத இருட்டில் தப்பியது என்று மூச்சுமுட்ட ஓடும் வரிகள். அதில் அறிவியல் இருக்கா இல்லையா என்கிற சண்டை எனக்குப் போரடிக்கிறது. நான் தேடியது அம்மாவை. தொடக்கத்தில் வெறும் வயிறாக இருக்கிறாள். பிறகு பத்தாம் மாதத்தில்தான், கூடச் சேர்ந்து துன்பப்படுகிறவளாக வருகிறாள். நடுவில் அவள் சாப்பிட்டாளா, தூங்கினாளா? பேச்சே இல்லை.

இது கவியின் குறை இல்லை. பிறவியைக் கடப்பதைப் பாடுகிறவருக்குக் கருப்பை ஒரு கண்டம், காப்பவன் சிவன். அதை மருத்துவமாக வாசிக்கிற நம்மிடம்தான் கோளாறு. நாம் எப்பவுமே லேட். பிள்ளைத்தமிழின் காப்புப் பருவம் குழந்தை பிறந்த மூன்றாம் மாதத்தில் தொடங்குகிறது. வளைகாப்போ, பெரும்பாலும் வயிறு ஊருக்கே தெரிந்த ஏழாம் மாதத்தில்.

1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே ஜவுளித் தொழிலாளிகளான கர்ப்பிணிகளுக்கு வந்த கடும் ரத்தசோகையை ஆராயும் வேலை. இவங்க என்ன சாப்பிடுறாங்க என்று பார்த்தார். பதில் அந்த ஏழைத் தட்டுகளில்தான் இருந்தது. மார்மைட் என்ற ஈஸ்ட் சாறு கொடுத்ததும் தேறினார்கள். 1931இல் அதை எழுதினார். அந்தச் சாற்றில் வேலை செய்த பொருளைத்தான் இன்று ஃபோலிக் அமிலம் என்கிறோம்.

கருவில் மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆகப்போகிற குழாய், கருத்தரித்து ஏறக்குறைய 28 நாளுக்குள் மூடிக்கொள்ளும். நாள் தள்ளிப்போனதைப் பல பெண்கள் கவனிப்பதே அந்தச் சமயத்தில்தான். சரியாக மூடாவிட்டால் பிள்ளை நடப்பதேகூடப் பாதிக்கப்படலாம். ஏற்கெனவே அப்படியொரு கர்ப்பத்தைச் சந்தித்த பெண்களிடம் நடந்த சோதனை 1991இல் வெளியானது. கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் எடுத்தவர்களிடம், அது மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்திருந்தது.

முதல் மாதம் ஆபத்தானது என்று மாணிக்கவாசகர் பாடியது இருக்கட்டும். கர்ப்பம் உறுதியாகி, பெயர் பதிந்து, மாத்திரை வாங்கும்போது பெரும்பாலும் அந்தக் குழாயின் கதை முடிஞ்சாச்சு. அதனால் கேள்வி இன்னும் பின்னால் போகிறது: எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தை வழித்துச் சாப்பிடும் புது மருமகளிடம், அதற்கும் முன்னால் தம்பிக்கு முட்டையை விட்டுக்கொடுத்த பள்ளிக்கூடப் பெண்ணிடம். அந்த அடுப்படியை எழுதிய கதைகள் நம்மிடம் இருக்கு. அவற்றைப் ‘பெண்கள் பிரச்சினை’ என்று ஓரங்கட்டிவிட்டு, ஃபார்வர்டுக்குக் கருவியல் என்று பேர் வைக்கிறோம்.