ஆறு பேர் ஃபுட்பால்

பழைய வீடியோ கேம் பற்றிப் பேச்செடுத்தாலே "அதெல்லாம் நாஸ்டால்ஜியா சார்" என்று முடித்துவிடுகிறார்கள். டெக்னோஸ் ஜப்பான் 1990-இல் செய்த 'நின்டெண்டோ வேர்ல்ட் கப்' விஷயத்தில் அந்தப் பதில் செல்லாது என்பது என் கட்சி.

வரலாறு சுருக்கமாக. ஜப்பானில் இது குனியோ என்ற அடிதடிப் பையனின் கதை. டாட்ஜ்பால் கிளப் பசங்க, தங்கள் பள்ளியின் ஃபுட்பால் டீமுக்காக மற்ற பள்ளிகளோடு மோதுகிறார்கள். வெளிநாட்டுக்கு அனுப்பும்போது பள்ளிகளைத் தூக்கிவிட்டு நாடுகளைப் போட்டார்கள். அமெரிக்காவில் டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. அக்டோபரிலேயே ஜெர்மனி ஒன்றாகிவிட்டது, கேசட்டுக்குள் மட்டும் மேற்கு ஜெர்மனி அப்படியே ஆடிக்கொண்டிருந்தது! இந்தியா லிஸ்டிலேயே கிடையாது. நாம் ஆடியது பெரும்பாலும் "டிவி கேம்" என்று வாங்கிய நகல் மெஷினில்.

எங்கள் திருநின்றவூர், பூசலார் மனசுக்குள்ளேயே கோயில் கட்டிய ஊர். அதனால் "கிராஃபிக்ஸ் கம்மி, மிச்சத்தை மனசே கட்டிக்குது" என்ற வாதம் எனக்குக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது அந்தக் காலத்து எல்லா கேமுக்கும் பொருந்துமே. நின்டெண்டோவின் 1985 'சாக்கர்' இதைவிட எளிமையான படம்தான். இன்றைக்கு அதைப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆட முடியவில்லை.

வித்தியாசம் வேறு இடத்தில். மற்ற ஃபுட்பால் கேம்களில் பந்து யாரிடம் போகிறதோ அவனாக நாம் மாறிக்கொண்டே இருப்போம். இதில் ஆறு பேரில் ஒரே ஒருவன்தான் நாம். மற்றவர்களிடம் "பாஸ் போடு", "அடி" என்று பட்டனை அழுத்திக் கேட்கத்தான் முடியும். கேட்டால் தருவான், ஆனால் நாம் நிற்கிற இடம் சரியில்லை என்றால் பந்து எதிராளி காலுக்குப் போகும். சென்ட்ரல் லோக்கலில் போகும்போது வியாசர்பாடி பக்கம் பசங்க ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். கால் எவ்வளவு ஓடுகிறதோ அவ்வளவு வாயும் ஓடும். "இங்க போடுடா!" என்ற அந்தக் கத்தலை இரண்டு பட்டனுக்குள் கொண்டுவந்த கேம் இது. ஃபவுல் இல்லை, ஆஃப்சைடு இல்லை. இடித்து இடித்துத் தள்ளினால் ஆள் மயங்கித் தரையிலேயே கிடப்பான். தெரு ஆட்டத்தில் ரெஃப்ரி ஏது?

போனிலேயே ஃபுட்பால் ஆடிப் பழகிய என் அக்கா பையனிடம் இதைக் கொடுத்துப் பார்த்தேன். அவனுக்கு நினைவுகூர ஒன்றும் கிடையாது. முதலில் "என்ன மாமா, ஆளை மாத்தவே முடியல" என்றான். மூன்றாவது மேட்சில் டிவியைப் பார்த்து "டேய் குடுடா" என்று திட்ட ஆரம்பித்தான்.

குறைகளும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. கோல்கீப்பர் நம் கையில் இல்லை. ஆட்கள் ஒரே வரிசையில் கூடினால் உருவங்கள் மினுக்கும். ஒரு கிடைக்கோட்டில் எட்டு ஸ்ப்ரைட்டுக்கு மேல் காட்ட அந்த மெஷினால் முடியாது. சூப்பர் ஷாட் அடிக்கும் இடம் பிடிபட்டுவிட்டால் கம்ப்யூட்டரை ஜெயிப்பது சப்பென்று ஆகிவிடும். 1993-இல் வந்த அடுத்த பாகம், நம் பசங்க 'கோல் 3' என்று சொன்னது, காற்றும் இடியும் சேர்த்து ஆட்டத்தைப் பெரிதாக்கியது. பலருக்கு அதுதான் உசத்தி. எதிரில் இன்னொருவர் கண்ட்ரோலரோடு உட்கார்ந்திருந்தால் நான் இன்னும் முதல் கேமைத்தான் போடுவேன்.