வெட்டுமுகம்

கேபிள் வெட்டும் கத்தரியைக் கடையில் கையிலெடுப்பவர்கள் முதலில் விரலால் கூர்மையைத் தொட்டுப் பார்ப்பார்கள். நான் ஒரு துண்டுக் கேபிள் கேட்பேன். வெட்டியதும் கருவியைக் கீழே வைத்துவிட்டு, துண்டான முனையைப் பார்ப்பேன். தரம் தெரிவது அங்கேதான். செம்பு இழைகள் வட்டம் குலையாமல், ஒன்றையொன்று ஒட்டி, ஒரே மட்டத்தில் நின்றால் அந்த முனை, இணைப்புக்காக மாட்டும் உலோகக் குழலான லக்குக்குள் தடையில்லாமல் போகும். முட்டை வடிவத்தில் நசுங்கிவிட்டால் எலக்ட்ரீஷியன் பிளையரால் அதை உருட்டித் திரட்டப் பார்ப்பார். திரளாத இரண்டு மூன்று இழைகளை நறுக்கி எறிந்துவிடுவார். எறிந்த இழைகளின் பங்கு மின்னோட்டத்தையும் மீதி இழைகள் சுமக்க வேண்டியதாகிவிடும். லக் சூடாகிக் கருகுவதற்கு இதுவும் ஒரு காரணம். வெட்டுமுகம் பற்றிய என் பிடிவாதம் வெறும் அழகுப் பித்து அல்ல.

இந்தக் கருவியை ரசிக்கக் கொச்சியின் மட்டாஞ்சேரியைவிட வசதியான ஊர் எனக்குத் தோன்றவில்லை. அதற்கு வேலை வைக்கும் மூன்று வகைக் கம்பிகளும் இங்கே சுற்றுவட்டாரத்திலேயே இருக்கின்றன. தெற்கே தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் டிராலர் வலைகளை இழுக்கும் எஃகு வடம். காயலுக்கு அக்கரையில், கப்பல் கட்டும் தளத்தில், செம்பு மின்கேபிள். பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் மணக்கும் கிடங்குகளின் முகப்பை உரசியபடி கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் கேபிள் டிவி வயரும் கண்ணாடி இழையும். மூன்றும் கேட்பது மூன்று வேறு கத்தரிகள்.

கூடவே, இந்தக் கத்தரியின் மூதாதையும் இங்கே உண்டு. 1568-இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயத்துக்குப் போகும் யூதத் தெருவின் பழம்பொருள் கடைகளில் பாக்குவெட்டிகளைப் பார்க்கலாம். கிளி மூக்கும் குதிரைத் தலையும் வைத்த பித்தளை வேலைப்பாடுகளை விலை கேட்பவர்கள் உண்டு. புனேயின் ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகத்தில் அவற்றுக்குப் பெயர்பெற்ற தொகுப்பே இருக்கிறது. எனக்கு அலங்காரத்தைவிட அச்சாணி இருக்கும் இடம்தான் முக்கியம். பாக்குவெட்டியில் அது ஒரு கோடியில் இருக்கிறது. பாக்கை அதை ஒட்டி வைத்து, மறுகோடியில் கை அழுத்துகிறது. உருண்டையாகவும் கடினமாகவும் இருக்கும் ஒன்றை நழுவவிடாமல் பிடித்து, விரல் பலத்தாலேயே பிளப்பதற்கான வழியை வெற்றிலைச் செல்லத்துக்குள் நெடுங்காலமாக வைத்திருந்தவர்கள் நாம். கேபிள் கத்தரியின் பாதிச் சிக்கல் அதே நழுவல்தான்.

நேரான இரண்டு அலகுகளுக்கு நடுவே உருண்டைப் பொருளை வைத்து அழுத்தினால் அது வெளியே ஓடப் பார்க்கும். உராய்வுதான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. அலகுகளுக்கு இடையிலான கோணம் ஓர் எல்லையைத் தாண்டினால் உராய்வு தோற்றுவிடும். உராய்வுக் கெழு 0.2 என்று வைத்துக்கொண்டால் அந்த எல்லை ஏறக்குறைய 22 டிகிரி. தடித்த வயரைத் தையல் கத்தரியால் வெட்ட முயன்றவர்களுக்குக் கணக்கே வேண்டாம். வயர் அச்சாணியை விட்டு நுனியை நோக்கி ஓடும், நுனியிலோ நெம்பும் பலம் கிடையாது.

இதற்கு விடையாகத்தான் வாய் வளைந்தது. நல்ல கேபிள் கத்தரியின் இரண்டு அலகுகளிலும் பிறை போன்ற குழிவு இருக்கும். கைப்பிடியை மூடத் தொடங்கியதும் இரு பிறைகளும் கேபிளைச் சுற்றி வளைத்துவிடும். அது அச்சாணியை ஒட்டியே நிற்கிறது. நெம்பும் பலம் அதிகமாகக் கிடைக்கும் இடமும் அதுவே. சுற்றிலுமிருந்து நெருக்கம் வருவதால் இழைகளும் பக்கவாட்டில் விரிவதில்லை. வெட்டுமுகம் வட்டமாக நிற்பதற்குக் கூர்மையைவிட இந்த வளைவே பெரிய காரணம் என்பேன்.

கட்டிங் பிளையரும் கேபிளை வெட்டத்தான் செய்யும். ஆனால் அதன் இரு விளிம்புகளும் நேருக்கு நேர் மோதுகின்றன. ஆப்பு அறைந்தது போல உலோகத்தை இருபுறமும் தள்ளிப் பிளந்து, கூரை முகடு மாதிரியான முனையை விட்டுவைக்கும். ஒற்றைக் கம்பிக்கு அது போதும். பல இழைக் கேபிளில் அந்தத் தள்ளலே இழைகளைக் கலைத்துவிடும். கத்தரியின் அலகுகளோ ஒன்றையொன்று உரசிக் கடந்து போகின்றன. உலோகம் ஒரே தளத்தில் அறுபடுகிறது.

இனி பலத்தின் கணக்கு. 50 சதுர மி.மீ. செம்புக் கேபிள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக அதில் 19 இழைகள்: நடுவில் 1, சுற்றி 6, அதைச் சுற்றி 12. பதமாக்கிய செம்பைக் கத்தரிக்கச் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 15 கிலோ விசை தேவை. மொத்தக் குறுக்குவெட்டையும் ஒரே கணத்தில் அறுப்பதானால் 750 கிலோ ஆகிறது. ஒரு கை 30 கிலோ அழுத்துவதாகவும், கைப்பிடி அச்சாணியிலிருந்து 18 செ.மீ., கேபிள் 2 செ.மீ. தள்ளி இருப்பதாகவும் கொண்டால் ஒன்பது மடங்கு, அதாவது 270 கிலோதான் கிடைக்கும். அப்படியும் ஒரு கையால் அந்தக் கேபிளை வெட்ட முடிகிறது. அலகு எல்லா இழைகளையும் ஒன்றாகத் தொடுவதில்லை. ஓரத்து இழைகளில் தொடங்கிச் சில சிலவாக அறுத்துக்கொண்டு போகிறது. வளைவின் ஆழத்தைத் தீர்மானிப்பவர் உண்மையில் இழைகளின் முறைவரிசையைத்தான் தீர்மானிக்கிறார்.

ஜெர்மனியின் வுப்பர்டாலில் 1882-இல் தொடங்கிய க்னிபெக்ஸ் பட்டறை இந்த முறைவரிசையை வெளிப்படையாகவே கையாண்டது. அவர்களுடைய ஸ்டெப்கட் கத்தரியின் அலகில் படிப்படியான விளிம்புகள் உண்டு. கேபிளின் ஒரு பகுதி அறுந்த பிறகே அடுத்த பகுதிக்கு முறை வரும். 160 மி.மீ. நீளமே உள்ள கருவி 15 மி.மீ. தடிமன் கேபிள் வரை ஒரு கையால் வெட்டும். சட்டைப் பைக்குள் அடங்கும் ஒரு பொருளில் இவ்வளவு யோசனையை வைத்தவர்கள்மீது எனக்கு மரியாதை உண்டு.

கேபிள் இன்னும் தடித்தால் ராட்செட் வருகிறது. நகரும் அலகின் முதுகில் பற்கள். கைப்பிடி ஒவ்வொரு முறை மூடும்போதும் ஒரு நகம் பல்லைத் தள்ளும், இன்னொரு நகம் பின்வாங்காமல் பிடித்துக்கொள்ளும். கை தளர்ந்தாலும் வெட்டு தளராது. 250 மி.மீ. நீளக் கருவி 32 மி.மீ. தடிமனுள்ள, 240 சதுர மி.மீ. வரையிலான கேபிளை இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கிறது. இதில் நான் தேடுவது விடுவிப்பு நெம்பியை. வெட்டுக்கு நடுவில், தவறான கேபிள் என்று தெரிந்தால், எந்த நிலையிலும் வாய் திறக்க வேண்டும். கேபிள் வெட்டு என்றதும் அக்கரைத் தளம்தான் எனக்கு நினைவுக்கு வரும். அந்தக் கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் உருவான போர்க்கப்பல் ஐஎன்எஸ் விக்ராந்த் 2022 செப்டம்பர் 2 அன்று கடற்படையில் சேர்ந்தபோது, அதிலுள்ள கேபிளை நீட்டினால் கொச்சியிலிருந்து காசி வரை போகும் என்று பிரதமர் சொன்னார். என் மனம் போனது அந்த நீளத்துக்கு அல்ல. அதை எத்தனை துண்டாக வெட்டியிருப்பார்கள், எத்தனை முனைகள் லக்குக்குள் போயிருக்கும் என்பதற்கு.

செம்புக்கும் அலுமினியத்துக்கும் செய்த கத்தரியை எஃகில் வைக்கக் கூடாது. மின்வாரியங்கள் மேல்நிலைக் கம்பிகளை ராபிட், ரக்கூன், டாக் என்று விலங்குப் பெயரிட்டு அழைக்கின்றன. ராபிட் கம்பியில் 3.35 மி.மீ. தடிமனில் ஆறு அலுமினிய இழைகள். நடுவில் அதே தடிமனில் ஓர் எஃகு இழை. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் அலுமினியம்தான். அந்த ஒற்றை எஃகு இழை போதும், மென்கேபிள் கத்தரியின் விளிம்பில் அரைவட்டப் பள்ளம் விழுந்துவிடும். பிறகு அந்தக் கத்தரி வெட்டும் ஒவ்வொரு முனையிலும் அறுபடாத இழை ஒன்று தொங்கும்.

தோப்பும்படியின் டிராலர் வடம் முழுக்க எஃகு இழைகளின் முறுக்கு. பொதுவாக உளியும் சுத்தியலும், இப்போது கிரைண்டரும், அதை வெட்டுகின்றன. வெட்டும் இடத்தின் இருபுறமும் கம்பியால் கட்டிக்கொள்ளாவிட்டால் முறுக்கு அவிழ்ந்து முனை பிரியும். 1945-இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய ஃபெல்கோ, தோட்டக் கத்தரிக்குப் பெயர் வாங்கிய நிறுவனம், எஃகு வடத்துக்கும் கத்தரி செய்கிறது. அதன் வாய் மூடும்போது முக்கோணமாகக் குறுகி வடத்தை மூன்று பக்கமும் நெருக்குகிறது. இழைகள் தட்டையாகப் பரவ இடமில்லை. சி7 என்ற சிறிய கத்தரி 7 மி.மீ. வரைதான் வெட்டும். டிராலரின் தடித்த வடத்துக்கு நீண்ட கையுள்ள பெரியது வேண்டும். ஜூன் 9 நள்ளிரவு தொடங்கி ஜூலை 31 வரை கேரளத்தில் இழுவலைக்குத் தடை இருக்கும் 52 நாள்களில் வலையும் வடமும் பழுது பார்க்கப்படும்போது, கிரைண்டர் பொறியில் கருகிய முனைகளைப் பார்க்க எனக்கு மனம் ஒப்புவதில்லை.

தெருக் கம்பங்களில் ஏமாற்று இன்னும் நுட்பமானது. கேபிள் டிவியின் ஆர்ஜி-6 வயரின் நடுவில் செம்பு நிறத்தில் மின்னும் 1 மி.மீ. கம்பி பெரும்பாலும் எஃகு. மேலே செம்புப் பூச்சு மட்டுமே. காந்தத்தை வைத்தால் ஒட்டிக்கொள்ளும். நல்ல கத்தரிகள் பள்ளம் விழுந்து வீணாவதில் இந்த வயருக்குப் பெரும்பங்கு உண்டு. 2023 ஜூனில் கேரள அரசு தொடங்கிய கேஃபோன் இணைய வலையமைப்பு உட்பட, மின்கம்பங்களில் ஏறியிருக்கும் கண்ணாடி இழைக் கேபிளோ வேறொரு புதிர். கண்ணாடி இழையின் தடிமன் 0.125 மி.மீ.தான், வெட்டுவது சுலபம். அதைக் காக்கும் மஞ்சள் அராமிட் நார்தான் சிக்கல். கெவ்லர் என்ற வணிகப் பெயரில் குண்டு துளைக்காத உடுப்புகளுக்குப் போகும் அதே நார். வழுவழுப்பான விளிம்பில் அது வழுக்கி மடிந்துகொள்ளும். அதற்காக ஓர் அலகின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத அளவு ரம்பப் பற்கள் அரைத்திருப்பார்கள். நார் அந்தப் பற்களில் மாட்டி நிற்க, மறு அலகு வந்து அறுக்கும்.

கடைசியாக அச்சாணி. சிகாகோவில் 1857-இல் தந்தி லைன்மேன் ஒருவர் உடைந்த பிளையரைக் கொண்டுவர, மத்தியாஸ் க்ளைன் என்ற கொல்லர் உடைந்த பாதியைப் புதிதாக அடித்துப் பழைய பாதியோடு சேர்த்து ரிவிட் அடித்தாராம். பின்னர் பழைய பாதியும் உடைய, அதையும் அடித்துக் கொடுத்தாராம். க்ளைன் டூல்ஸ் நிறுவனம் தன் தொடக்கத்தை இப்படித்தான் சொல்கிறது. இரண்டு பாதிகள் ஒன்றின்மேல் ஒன்று எவ்வளவு நெருங்கி ஓடுகின்றன என்பதில்தான் கத்தரி பிழைக்கிறது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மீரட் தையல் கத்தரிகள் போன்றவற்றில் அலகுகளுக்கு மெல்லிய வளைவு கொடுப்பதால், அவை வெட்டும் புள்ளியில் மட்டுமே தொட்டுக்கொள்கின்றன. குட்டையும் தடிமனுமான கேபிள் கத்தரியில் அந்த வேலையை அச்சாணியின் நட்டு செய்கிறது. மட்டாஞ்சேரியின் உப்புக் காற்றில் அங்கேதான் முதலில் துரு ஏறும். வாரம் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் போதும். அலகு தேயத் தேய இடைவெளி விழும். கேபிளிலிருந்து பிரித்த ஒற்றை இழையை வெட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். இழை அறுபடாமல் அலகுகளுக்கு நடுவே மடிந்தால் நட்டைக் கொஞ்சம் இறுக்க வேண்டும். அதற்கு வழி விடாமல் ரிவிட் அடித்து மூடிய கேபிள் கத்தரியை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், நான் வாங்குவதில்லை.