பெயரில்லாப் பொட்டலம்

போன ஆடியில் ஒரு விதைப் பகிர்வுக் கூட்டத்திலிருந்து சுரை விதை வாங்கிவந்தேன். நாளிதழ்த் தாளில் மடித்த பொட்டலம். மேலே ‘சுரை’ என்று மட்டும் எழுதியிருந்தது. கொடி பந்தலை மூடியது. முதல் காயை அரிந்து நுனியை நாக்கில் வைத்ததும் துப்பினேன். அவ்வளவு கசப்பு. விதை எடுத்த தோட்டத்தருகே கசக்கும் பேய்ச்சுரை படர்ந்திருக்க வேண்டும். அதன் மகரந்தத்தைப் பூச்சி சுமந்துவந்திருக்கும். கசக்கும் சுரையைத் தின்றால் வாந்தி, பேதியோடு உயிருக்கே ஆபத்து வரலாம். கொடுத்தவர் யாரென்று தெரியாததால், எச்சரிக்கவும் வழியில்லை.

இதற்காக விதைப் பகிர்வை ஒதுக்கிவிட முடியாது. வீரிய ஒட்டுரகத்தில் எடுத்த விதை தாயைப்போல் காய்ப்பதில்லை. ஆண்டுதோறும் கடைக்குத்தான் போக வேண்டும். நாட்டு விதைக்கு அந்தக் கட்டு இல்லை. பகிர்ந்திருந்தால், ஒரு வீட்டில் அவரை பட்டுப்போனாலும், பக்கத்துத் தெருவில் அதே அவரை காய்த்துக்கொண்டிருக்கும். உழவர்கள் விதையைச் சேமிக்கவும் பரிமாறவும் உள்ள உரிமையை 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டமும் ஏற்கிறது.

குறை, எல்லா விதையையும் ஒன்றுபோல் நடத்துவதில் இருக்கிறது. தக்காளியும் அவரையும் பெரும்பாலும் தன் பூவிலேயே கருவுறும். விதை எடுப்பது எளிது. சுரை, பீர்க்கு, பூசணி அப்படியல்ல. பூ விரியுமுன் ஆண், பெண் மொட்டுகளை நூலால் கட்டி, விரியும் வேளையில் கையால் மகரந்தம் தடவி, பெண் பூவை மறுபடி மூட வேண்டும். இவ்வளவு பாடுபடுவோர் குறைவு. நல்ல காய்களைக் கறிக்குப் பறித்துவிட்டு, கண்ணில் படாமல் முற்றிய கடைசிக் காயை விதைக்கு விடுகிறோம். மற்றப் பயிர்களுக்கு வேறு சிக்கல்கள்: தட்டைப்பயறின் தேமல் நோய் விதையோடே பரவும். வெங்காய விதையோ ஓரிரு ஆண்டில் முளைப்புத்திறனை இழந்துவிடும்.

திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் ஒரு விதி இருந்தது: 2 கிலோ விதை நெல் பெறுபவர் மறு ஆண்டு 4 கிலோ திருப்பித் தர வேண்டும். விதை பெருகுவது இதன் ஒரு பயன். வாங்கியவர் விதைத்தே ஆக வேண்டும், விளைந்ததைக் கொண்டுவந்து காட்டியும் ஆக வேண்டும் என்பது அதைவிடப் பெரிய பயன். தோட்ட விதைக் கூட்டங்களில் இல்லாதது இந்தத் திரும்பிவரும் வழிதான். கொடுப்பதோடு உறவு முடிந்துவிடுகிறது.

இந்த ஆடிக்கு அவரை விதை எடுத்து வைத்திருக்கிறேன். எடுத்த மாதம், எத்தனை கொடியில் எடுத்தது, பக்கத்தில் வேறு அவரை இருந்ததா, என் பெயர் எல்லாம் பொட்டலத்தின் மேல் இருக்கிறது. ஒரு கைப்பிடி வாங்குபவர் அடுத்த தையில் இரண்டு கைப்பிடி கொண்டுவரட்டும். காய்க்காவிட்டால் அதையாவது வந்து சொல்லட்டும்.