ஆறு பாட்டு போதும்

ராக் இசையில் பெண்களைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு வாசகம் தவறாமல் வந்து விழுகிறது: ‘ரயட் கேர்ள்’ என்ற பெண்ணிய பங்க் இசை இயக்கத்தின் அரசியல் பெரிது, இசைதான் சுமார். முதுகில் தட்டிக்கொடுத்தே திண்ணையில் உட்கார வைக்கிற பாராட்டு இது. சொல்கிறவர்களின் கையில் முழு நீள ஆல்பம் என்ற ஒரே முழக்கோல்தான் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு பாட்டு, நாற்பது நிமிடம், நடுவில் கிடார்காரர் தன் வித்தையைக் காட்ட ஓர் இடம். 1992இல் வந்த, அந்த இயக்கத்தைச் சேர்ந்த பிகினி கில் குழுவின் ஆறு பாட்டு ஈ.பி., அதாவது ஆல்பத்தைவிடச் சின்னத் தட்டு, இந்தக் கோலுக்கு அடங்காது. அடங்காததையே குறையாக எழுதிவிட்டார்கள்.

முன்கதை தெரிந்ததுதான். 1970இல் ஃபேன்னி என்ற பெண்கள் குழு பெரிய கம்பெனியில் ஆல்பம் போட்டது. ஆண்களுக்கு நிகராக வாசித்தும் காட்டினார்கள், ஊர் மறந்துவிட்டது. ரன்அவேஸ் குழுவின் மேலாளர் கிம் ஃபௌலி அந்தப் பெண்களின் வாசிப்பைவிட வயதைத்தான் விற்றார். கதவு உண்மையில் திறந்தது 1977 லண்டனில். சோமாலியத் தந்தைக்குப் பிறந்த, பல்லில் கம்பி கட்டிய பாலி ஸ்டைரீன், எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் குழுவின் முதல் சிங்கிளில் சாக்ஸபோனோடு போட்டி போட்டுக் கத்தினார். அடுத்த ஆண்டு வந்த ஆல்பம் நல்ல ஆல்பம். அந்தச் சிங்கிளோ அதற்கு முன் யாரும் கேட்டிராத சத்தம். லீட்ஸில் இரண்டு பேஸ் கிடாரோடு டெல்டா 5. ஜூரிக்கில் க்ளீனெக்ஸ், டிஷ்யூ காகிதக் கம்பெனிக்குப் பயந்து லிலிபுட் என்று பெயர் மாற்றிக்கொண்ட குழு. இவர்களின் ஆகச் சிறந்தவை எல்லாம் சின்னத் தட்டுகள். ஸ்லிட்ஸ் குழுவின் ‘கட்’ ஆல்பம், ரெயின்கோட்ஸ் குழுவின் முதல் ஆல்பம் இரண்டையும் விதிவிலக்காக ஒப்புக்கொள்கிறேன். ஸ்டூடியோவுக்கு மணிக்கணக்கில் வாடகை, தட்டு அச்சடிக்கக் கைக்காசு, பின்னால் கம்பெனி கிடையாது என்றால் இரண்டு பாட்டு, நான்கு பாட்டுதான் போட முடியும். இல்லாமையில் பிறந்த அளவுதான். ஆனால் அந்த அளவுக்குள் பாட்டை இறுக்கிக் கட்டக் கற்றுக்கொண்டவர்கள் இவர்களே.

அந்தப் பாடத்தை முழுதாகப் படித்தவர்கள் வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பியாவில் 1990இல் சேர்ந்த பிகினி கில் நால்வர். கேத்லீன் ஹன்னா பாட்டு, டோபி வெய்ல் டிரம்ஸ், கேத்தி வில்காக்ஸ் பேஸ், பில்லி கேரன் கிடார். 1991இல் கையோடு ஒரு கேசட் போட்டார்கள். பிறகு ஃபுகாஸி குழுவின் இயன் மெக்காய் வர்ஜீனியாவில் ஆர்லிங்டனின் இன்னர் இயர் ஸ்டூடியோவில் இவர்களைப் பதிவு செய்தார். அந்த ஈ.பி.யைக் கில் ராக் ஸ்டார்ஸ் கம்பெனி வெளியிட்டது. கால் மணி நேரத்துக்குச் சற்றே அதிகம்.

மெக்காய் எதையும் மெழுகவில்லை. முதல் பாட்டு கிடார் இரைச்சலோடும், மைக்கில் ஹன்னா பேசும் பேச்சோடும் தொடங்குகிறது. அறைக்குள் நாமும் நிற்கிறோம். அவர் குரல் இங்கே இரண்டு ஆள். ஸ்கூல் மைதானத்தில் கேலி பேசும் சிறுமி ஒருத்தி. அவளை இடித்துக்கொண்டு வெளியே வரும் இன்னொருத்தி. ‘லயர்’ பாட்டின் நடுவே ஜான் லெனனின் சமாதானப் பாட்டு மெட்டு சாதுவாக வருகிறது, பின்னால் ஒரு பெண் அலறிக்கொண்டே இருக்கிறாள். இதைவிடக் கச்சிதமான இசை விமர்சனத்தை எந்தப் பத்திரிகையும் எழுதியதில்லை. அரசியல் தனி, இசை தனி என்று பிரிக்கிறவர்கள் இந்த இடத்தில் கத்தியை எங்கே வைப்பார்கள்?

நிர்வாணா குழுவின் பாடகர் கோபெய்ன் வீட்டுச் சுவரில் ஹன்னா எழுதிய வாசகம் அந்தக் குழுவின் புகழ்பெற்ற பாட்டுக்குத் தலைப்பான கதையை எழுதாத கட்டுரை இல்லை. வெய்லின் டிரம்ஸைப் பற்றி எழுதிய கட்டுரையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அலங்காரமே இல்லாத, முன்னால் சாய்ந்து ஓடும் அடி. குரல் எங்கே தாவினாலும் கீழே தரை இருக்கும். ‘ஃபீல்ஸ் பிளைண்ட்’ பாட்டில் வில்காக்ஸின் பேஸ் மெதுவாக நடந்து வந்து இடம் பிடித்த பிறகுதான் மற்றவர்கள் நுழைகிறார்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு இந்தப் பொறுமை வராது. மேடையில் பதிவான கடைசிப் பாட்டு மட்டும் எனக்கும் ஒட்டவில்லை. இருக்கட்டும், ஆறில் ஐந்து.

‘இசை சுமார்’ என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? உடம்பில் வசைச் சொல்லை எழுதிக்கொண்டு மேடையேறிய பெண்களைப் பத்திரிகைகள் படம் பிடித்தன. உடையைப் பற்றி எழுதின, பாட்டைப் பற்றி எழுதவில்லை. 1992இல் இயக்கத்துப் பெண்கள் பெரிய பத்திரிகைகளோடு பேசுவதையே நிறுத்தினார்கள். கேட்காமல் எழுதியதுதான் பிறகு வரலாறாக நின்றது.

1993இல் பிகினி கில்லின் ஆல்பமும் வந்தது. வேகம் உண்டு, ஆனால் பாதியில் சலிக்கிறது. ‘ரெபல் கேர்ள்’ பாட்டுக்கு அந்த ஒரே வருடத்தில் மூன்று பதிவுகள்: ஹகி பேர் குழுவோடு பங்கிட்ட தட்டில் ஒன்று, ஆல்பத்தில் ஒன்று, ஜோன் ஜெட் தயாரித்துத் தானும் கிடார் வாசித்த ஏழங்குல சிங்கிளில் ஒன்று. மூன்றையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். சிங்கிளுக்கு முன்னால் ஆல்பப் பதிவு ஒத்திகைபோல ஒலிக்கும்.

சின்னத் தட்டை விட்டுவிட்டு ஆல்பத்தையே அளக்கும் இந்தக் கதிதான் பிறகு வந்தவர்களுக்கும். 2001இல் யா யா யாஸ் குழுவின் ஐந்து பாட்டுத் தட்டில், பேஸ் கிடாரே இல்லாமல், கேரன் ஓ மூச்சு வாங்கிச் சிரித்து முனகி எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டார். விமர்சகர்கள் 2003 ஆல்பத்துக்காகக் காத்திருந்து அதைத்தான் அறிமுகம் என்றார்கள். 2018இல் ஜூலியன் பேக்கர், ஃபீபி பிரிட்ஜர்ஸ், லூசி டேகஸ் மூவரும் பாய்ஜீனியஸ் என்ற பெயரில் ஆறு பாட்டு போட்டார்கள். மூன்று குரலும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கும் அந்த நெருக்கத்துக்குமேல் அவர்களின் 2023 ஆல்பம் புதிதாக எதையும் சேர்க்கவில்லை என்பேன். அவர்கள் பெற்ற கிராமி விருது மூன்றும் ஆல்பத்தின் கணக்கில்தான் போயின.