கடன்பத்திர ஆப்ஷன் விலைக்கு ஜாக்நைஃப் முறை: ஒரு மதிப்பீடு

பீட்டர் பிலிப்ஸ், ஜுன் யூ ஆகியோரின் 2005ஆம் ஆண்டு ஆய்வுக்கட்டுரை, கடன்பத்திர ஆப்ஷன்களின் விலைக் கணிப்பில் புகும் சாய்வுப்பிழையைக் குறைக்க வழி கூறுகிறது.

வாசிசெக் (1977) போன்ற மாதிரிகளில் வட்டி வீதம் விலகினாலும் சராசரிக்கு மீளும். பழைய தரவிலிருந்து கணிக்கும்போது, இந்த மீளும் வேகம் உண்மையைவிட அதிகமாகத் தோன்றும். மரக்காணம் உப்பின் ஐந்தாண்டு விலைகளை எண்ணிப் பாருங்கள். அந்த விலைகளிலிருந்தே சராசரி எடுத்தால் அது அவற்றின் நடுவில்தான் விழும்; விலை விரைவில் சராசரிக்குத் திரும்புவதுபோலத் தெரியும். வேகம் மிகையானால் ஆப்ஷன் விலை குறைந்துவிடும், விற்பவர் நட்டப்படுவார்.

கெனூயி உருவாக்கி, டூக்கி பெயரிட்ட ஜாக்நைஃப் முறையில் தரவை இரண்டாகப் பிரிக்கலாம். முழுத் தரவு தரும் விலை 10, இரு பாதிகளின் சராசரி 9 எனில், திருத்திய விலை 2×10−9=11.

வேகத்தைத் திருத்தாமல் விலையையே நேராகத் திருத்துவது இதன் சிறப்பு. வேகத்துக்கும் விலைக்கும் உள்ள உறவு நேர்கோடன்று. வேகத்தைத் திருத்தினாலும் விலையில் பிழை எஞ்சும்.

குறையும் உண்டு: பாதித் தரவின் கணிப்புகள் அதிகம் அலைபாயும். மாதிரியே தவறானால் இம்முறை காப்பாற்றாது.

இந்தியாவில் மைபோர் வீதம் 1998இல்தான் தொடங்கியது. நாள்தோறும் பதிவுசெய்தாலும் இக்குறை தீராது. தேவை கூடுதல் பதிவுகள் அல்ல, கூடுதல் ஆண்டுகள். ஆகவே இத்திருத்தம் நமக்கு அவசியமே. ஆனால் திருத்திய விலையையும் உறுதியானதாகக் கொள்ளலாகாது.